கோட்டுக்குத் தெற்கே

இந்த மலைமுகட்டில் ஒரு கோடு இருக்கிறது.
யாரும் கிழித்ததல்ல.
கிழக்கே ரேடியோ கோபுரம்,
மேற்கே கருங்கடலோரம் ஒரு தகரக் கூரை,
இரண்டையும் கண்ணால் முடிச்சுப்போட்டால் வரும் கோடு.
அதைத் தாண்டித் தெற்கே போனால் கணக்கில் சேரும்.
தாண்டாத பறவை வானத்தோடு சரி.

ஆகஸ்ட் பதினெட்டில் ஏறி வந்தேன்.
முதல் இரண்டு வாரமும் மழை.
விரிப்புக்கடியில் வெய்க்கோவும் நானும்
சூரியகாந்தி விதை கொறித்து
உமியை எண்ணினோம், கை பழகட்டுமென்று.

செப்டம்பர் மூன்றாம் தேதி மேகம் விட்டது.
ஈரப் பள்ளத்தாக்கு ஆவி விட,
ஆவியோடு தேன்பருந்துகள் எழுந்தன.
சுழலும்போது எண்ணாதே என்பான் வெய்க்கோ,
பொறு,
மேலே போய் முட்டட்டும்,
இறக்கையை இறுக்கிக்கொண்டு
ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வரும் பார்,
அப்போது.
பத்துக்கு ஓர் அழுத்து.
டிக். டிக்.
மூத்திரம் முட்டியது, போகவில்லை.
ரொட்டியை எறும்பு தின்றது.
பதினோராயிரத்து நானூற்று அறுபது.

இரவு
நாசிப்ரோலா ஊற்றிய சூப்பில்
சிவப்பு பீன்ஸ் முப்பத்திரண்டு.
கண்ணை மூடினால் இமைக்குள்ளும் புள்ளிகள்,
எல்லாம் தெற்கே.
"இன்றைக்கு எத்தனை?" என்றார் அவள் கணவர் ஷுக்ரி.
ஜார்ஜிய மொழியில் எனக்கு ஒழுங்காக வருவது எண்கள்தான்.
எழுபத்தைந்து என்பதற்கு இங்கே
மூன்று இருபதும் பதினைந்தும் என்று சொல்ல வேண்டும்.
பெருமையாகச் சொன்னேன், தட்டுத்தடுமாறி, முழுத்தொகையையும்.
அவர் புருவம் உயர்ந்தது.
"அவ்வளவு இருக்கிறதா?"
பிறகு மகன் அன்சோரைப் பார்த்து ஏதோ சொன்னார்.
எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்:
ஒன்று.

மறுநாள் மூடுபனி.
பறவைகள் மரத்தலையை உரசிக்கொண்டு வந்தன.
என் தொப்பிக்கு மேலே ஒன்று,
அதன் நிழல்கூட இல்லை, காற்று மட்டும் கேட்டது.
டிக்.
அப்புறம் வெடிச்சத்தம்.
ஹேசல் தோப்புக்குள் ஏதோ கிளை கிளையாக இறங்கியது.

கோட்டுக்குத் தெற்கே.
இருபதடிகூட இருக்காது.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
வழிமாறி வடக்கே திரும்பும் பறவைக்கு
ஒன்று கழிக்க வேண்டும்.
விழுந்த பறவைக்குக் கழித்தல் இல்லை.
அது போய்விட்டது,
தெற்கே போனதாகவே எழுத வேண்டும்.
எழுதினேன்.

வீட்டுப் படியில் கிடந்தது.
குளவி கொட்டாதிருக்க முகமெல்லாம் செதில் இறகு.
நகத்திடுக்கில் மண்,
எந்த நாட்டு மண்ணோ.
எங்கள் லிதுவேனியப் பைன் காட்டில்
மே மாதம் இதே கால்தான் குளவிக்கூட்டைக் கிண்டும்,
நான் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறேன்.
இதே கால் என்று எப்படிச் சொல்வது?
இதே இனத்துக் கால்.

அன்றிரவு நாசிப்ரோலா
என் தட்டில் மட்டும் சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நானும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.
அறை மலிவு, மலைக்குப் பக்கம்,
நாசிப்ரோலா என் காலுறைகளை அடுப்போரம் காயவைப்பாள்.
வெய்க்கோவிடம் சொல்லும்போது
முதல் காரணத்தைத்தான் சொன்னேன்.

அக்டோபர் ஒன்பது, ஏறக்குறைய வெறும் வானம்.
அன்சோர் மேலே வந்தான்,
தோளில் துப்பாக்கி, சட்டைப்பையில் ஆரஞ்சு.
என் தொலைநோக்கி தொடாத மூலையை மோவாயால் காட்டினான்.
கண்ணீர் வரும்வரை உற்றுப் பார்த்தேன்.
ஒரு மிளகு.
மிளகுக்கு மெல்ல இறக்கை வந்தது:
புள்ளிக் கழுகு.
பையனுக்கு என்ன கண்!

அது கோட்டை நெருங்கும்வரை
இருவரும் பேசவில்லை.
அவன் தோள் அசைகிறதா என்று ஒரு கண்,
கழுகின்மேல் ஒரு கண்.
தாண்டியது. அழுத்தினேன்.
இன்னும் போனது, தோப்பைக் கடந்து,
ஆற்றைக் கடந்து.

ஆரஞ்சை உரித்துப் பாதி நீட்டினான்.
"உன் நோட்டில்
என்னுடையதும் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.
எத்தனையாவது என்று கேட்டான்.

அதுதான் தெரியவில்லை.
பத்துப் பத்தாக அழுத்திய நாட்கள் அவை.